ஹோஃப்ஸ்டெட் வினாத்தாள்: சேவை நிறுவனங்களுக்கு உதவுமா?

பல நாடுகளில் கிளை வைத்திருக்கும் ஹோட்டலோ, கால் சென்டரோ, விமான நிறுவனமோ, "கெட்ட செய்தி மட்டும் ஏன் மேலே வரத் தாமதமாகிறது?" என்று யோசிக்கத் தொடங்கினால் முதலில் கையில் எடுப்பது, நாடுகளின் பண்பாட்டை எண்களாக ஒப்பிட்ட நெதர்லாந்து ஆய்வாளர் கீர்ட் ஹோஃப்ஸ்டெடின் நாட்டு மதிப்பெண்களைத்தான். அதே வகை மதிப்பெண்களை நாமே கணக்கிட உதவும் கருவி வி.எஸ்.எம். 2013 (Values Survey Module) என்ற வினாத்தாள். ஆய்வுக்குப் பயன்படுத்தக் கட்டணம் கிடையாது. மொத்தம் 30 கேள்விகள். அதிகார இடைவெளி (மேல்-கீழ் ஏற்றத்தாழ்வைக் கீழே இருப்பவர்கள் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள் என்பது), தனிநபர்வாதம், நிச்சயமின்மையைத் தவிர்த்தல் உள்ளிட்ட ஆறு பரிமாணங்களுக்குத் தலா நான்கு, மிச்ச ஆறும் வயது, படிப்பு, வேலை போன்ற விவரங்கள்.

சேவைத் துறைக்கு இதில் உண்மையாகவே பயன்படுவது 20ஆம் கேள்வி: கீழே இருப்பவர்கள் மேலதிகாரியை மறுத்துப் பேச எவ்வளவு அடிக்கடி பயப்படுகிறார்கள்? 1 என்றால் ஒருபோதும் இல்லை, 5 என்றால் எப்போதும். தகவல் எந்தப் படியில் வடிகட்டப்படுகிறது என்பதற்கு இதைவிட நேரான கேள்வி இல்லை. தமிழாக்கும்போது மட்டும் கவனம் தேவை. 'எதிர்த்துப் பேசுவது' என்று போட்டால் அது வாய்த்துடுக்காகிவிடும். 'மாற்றுக் கருத்து சொல்வது' என்றால் பயமே கரைந்துவிடும். சொல் மாறினால் சராசரியும் மாறும். இன்னொருவரைக் கொண்டு மூல மொழிக்குத் திருப்பி மொழிபெயர்த்துப் பார்க்காமல் வினாத்தாளை விநியோகிக்கக் கூடாது.

பெரும்பாலோர் சறுக்குவது கணக்கில். அதிகார இடைவெளிக்கான சூத்திரம் இது: 7ஆம் கேள்வியின் சராசரியிலிருந்து 2ஆம் கேள்வியின் சராசரியைக் கழித்து 35ஆல் பெருக்க வேண்டும், 20ஆம் கேள்வியின் சராசரியிலிருந்து 23ஆம் கேள்வியின் சராசரியைக் கழித்து 25ஆல் பெருக்க வேண்டும், இரண்டையும் கூட்டி ஒரு மாறிலியைச் சேர்க்க வேண்டும். அந்த மாறிலி, விடைகளை 0 முதல் 100க்குள் கொண்டுவர நாமே தேர்ந்தெடுப்பது. ஆகவே ஒரே நாட்டில் எடுத்த கணக்கெடுப்பை வெளியான பட்டியலோடு ஒப்பிட்டு "நம்முடையது 62, அவர்களுடையது 40" என்று சொல்வதற்கு அர்த்தமே இல்லை. ஒரே கணக்கெடுப்பில் இரண்டு நாடுகளாவது வேண்டும், நிறைய இருந்தால் நல்லது. அங்கே வரவேற்பறை ஊழியர்கள், இங்கே மேலாளர்கள் என்று எடுத்தால் கிடைப்பது நாட்டு வித்தியாசம் அல்ல, பதவி வித்தியாசம்.

ஒரு நாட்டுக்கு 50 பேர் நல்லது, 20க்குக் கீழே போகக் கூடாது என்கிறது கையேடு. 20 பேரில் இரண்டே பேர் 20ஆம் கேள்விக்கு 1க்குப் பதில் 5 போட்டால் சராசரி 0.4 ஏறும், நாட்டு மதிப்பெண் 10 ஏறும். எனவே 20 பேர் என்பது பெயருக்குத்தான். விடைத்தாளைக் குழுத் தலைவரே வாங்கி அடுக்கினால் அந்தப் பத்தும் தலைகீழாக இறங்கிவிடும் என்பது தனிக் கதை.

வெளியான பட்டியலையும் அப்படியே நம்ப முடியாது. 1967 முதல் 1973 வரை ஐ.பி.எம். ஊழியர்களிடம் வாங்கிய 1,16,000க்கும் மேற்பட்ட விடைத்தாள்கள்தான் அடிப்படை. கேட்கப் பெரிய எண்ணிக்கைதான். ஆனால் பாகிஸ்தானில் ஒரு சுற்றில் 37 பேர், இன்னொன்றில் 70 பேர். அதிகார இடைவெளியில் மலேசியாவுக்கு 104 (வெளியான எண்கள் சில 100ஐயும் தாண்டும்), ஆஸ்திரியாவுக்கு 11 என்ற இரு கோடிகளைப் பார்த்து இரண்டு நாடுகளும் வேறு வேறு திசை என்று சொல்லலாம். எதிரில் அமர்ந்திருக்கும் மலேசிய ஊழியர் வாய் திறக்க மாட்டார் என்று சொல்ல முடியாது. இது தனி மனிதர்களை அளக்கும் கருவி அல்ல என்று ஹோஃப்ஸ்டெடே சொல்லியிருக்கிறார்.

பயிற்சி வகுப்புகளில் தவறாமல் வரும் உதாரணம் 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க் அருகே விழுந்த கொலம்பியாவின் ஆவியான்கா நிறுவனத்தின் 52ஆம் எண் விமானம். எரிபொருள் தீர்ந்து 73 பேர் இறந்தார்கள். கொலம்பியாவின் அதிகார இடைவெளி 67, அதனால் துணை விமானி தயங்கினார் என்று முடித்துவிடுவார்கள். ஆனால் அவசரநிலை அறிவிக்கச் சொன்னதே தலைமை விமானிதான். துணை விமானி, வழக்கமான பதிலின் வாலில் எரிபொருள் தீர்கிறது என்பதை ஒட்டிச் சொன்னார். 'அவசரநிலை' என்ற சொல் கட்டுப்பாட்டு அறைக்குப் போகவே இல்லை. எரிபொருள் நிலையைச் சொல்ல இரு தரப்புக்கும் பொதுவான தெளிவான சொற்கள் இல்லாததையும் விசாரணை ஒரு காரணமாகக் குறித்தது. மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பவர் இந்தப் பாதியைத் தவறவிடுவார்.

ஆகவே இதற்குச் செலவிட ஒரு வாரம் இருந்தால், 'இந்த நாட்டார் இப்படி' என்ற வகுப்புக்கு ஒரு மணி நேரம் போதும். மீதியைச் சொற்களுக்கும் படிவத்துக்கும் கொடுங்கள். "புரிந்ததா?" என்ற கேள்வியை எடுத்துவிட்டு, "நீங்கள் அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள், எத்தனை மணிக்குள்?" என்று கேளுங்கள், 'சரி' என்பது பல இடங்களில் 'கேட்டுக்கொண்டேன்' மட்டுமே. ஷிப்ட் மாறும்போது எழுதும் குறிப்பில் 'இன்னும் தெரியாதது' என்று ஒரு கட்டாயக் கட்டம் வையுங்கள். படிவமே கேட்டால், தெரியாது என்பதை எழுத யாருக்கும் தனித் துணிச்சல் தேவைப்படாது. அந்தக் கட்டத்தில் வாரக்கணக்கில் 'ஒன்றுமில்லை' என்றே வந்துகொண்டிருந்தால் படிவத்தைக் குறை சொல்ல வேண்டாம். அதை வாங்கிப் படிப்பவர் கடைசியாக யாரை, எதற்குக் கடிந்துகொண்டார் என்று விசாரியுங்கள்.