ஜாக்கெட்டின் முதுகுப் பக்கம் என்ன இருக்கிறது? ஸ்பாஞ்ச் முதல் ஏர்பேக் வரை ஓர் ஒப்பீடு

போன மார்ச்சில் ரைடிங் ஜாக்கெட்டைத் துவைக்க எடுத்தபோதுதான் அதைப் பார்த்தேன். தோளிலும் முழங்கையிலும் இருந்து உருவிய ஆர்மர்கள், அதாவது அடி தாங்கும் காப்புத் துண்டுகள், நல்ல கனம். கட்டைவிரலால் அழுத்தினால் மெதுவாக உள்வாங்கி மெதுவாக மீண்டன. முதுகுப் பக்கத்து உறைக்குள் கையை விட்டால் வந்தது வேறு சங்கதி. புது டிவியின் அட்டைப்பெட்டிக்குள் மூலையில் வைத்து அனுப்புவார்களே, அந்த மாதிரி ஒரு ஸ்பாஞ்ச். இரண்டு விரலால் கிள்ளினால் விரல் நுனிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. முத்திரை இல்லை, எண் இல்லை. இதைப் போட்டுக்கொண்டுதான் மூன்று வருடமாக ஈசிஆரிலும் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் "நமக்கென்ன, ஃபுல் கியர்" என்று சுற்றியிருக்கிறேன்.

வாங்கிய கடைக்கே போய்க் கேட்டேன். "சார், சிஇ போட்டிருக்கு பாருங்க" என்று கடைக்காரர் ஜாக்கெட்டைத் திருப்பி உள்பக்கத்து லேபிளைக் காட்டினார். ஐரோப்பியத் தரவிதிகளுக்கு உட்பட்டது என்று சொல்லும் அந்த முத்திரை போட்டிருந்தது. அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் எரிச்சல். ஐரோப்பாவின் ஈஎன் 17092 தரப்படி ஒரு ஜாக்கெட் ஏ, ஏஏ, ஏஏஏ என்று முத்திரை வாங்க வேண்டுமானால் தோளிலும் முழங்கையிலும் தரச்சான்று பெற்ற ஆர்மர் இருந்தாக வேண்டும். முதுகில் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. முதுகில் ஒரு உறை தைத்து, அது காலியாகத் தொங்காமல் இருக்க ஒரு ஸ்பாஞ்சைச் செருகி அனுப்பினாலும் விதிப்படி சரிதான்.

ஆகவே முதல் போட்டியாளரை, அதாவது அந்த ஸ்பாஞ்சை, இங்கேயே வெளியேற்றிவிடலாம். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. மிச்சம் மூன்று: ஜாக்கெட்டுக்குள் செருகும் இன்சர்ட், தனியாகத் தோளில் மாட்டி இடுப்பில் கட்டிக்கொள்ளும் ஸ்ட்ராப் வகை, ஏர்பேக் வெஸ்ட்.

ஒப்பிடுவதற்கு முன் எண்களைப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் ஏமாறுவது இங்கேதான். முதுகுக் காப்புக்கான தரம் ஈஎன் 1621-2. சோதனையில் 5 கிலோ எடையுள்ள ஓர் இரும்பை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்திலிருந்து காப்பின் மேல் விழ விடுகிறார்கள். ஆற்றல் கணக்கில் 50 ஜூல். காப்பைத் தாண்டி அடிப்பக்கம் எவ்வளவு விசை போய்ச் சேர்கிறது என்று அளக்கிறார்கள். சராசரி 18 கிலோநியூட்டனுக்குள் இருந்தால் லெவல் 1. 9-க்குள் இருந்தால் லெவல் 2. தனி அடி எதுவும் லெவல் 1-இல் 24-ஐயும் லெவல் 2-இல் 12-ஐயும் தாண்டக் கூடாது. 9 கிலோநியூட்டன் என்பது சுமார் 900 கிலோ எடை ஒரு கணம் அழுத்துவது மாதிரி. 18 என்றால் அதில் இரண்டு மடங்கு. லெவல் 1-க்கும் 2-க்கும் உள்ள தூரம் இவ்வளவு.

தோள், முழங்கை, முழங்கால் ஆர்மர்களுக்குத் தரம் வேறு: ஈஎன் 1621-1. அதில் லெவல் 1-க்கு 35 கிலோநியூட்டன், லெவல் 2-க்கு 20 வரை அனுமதி. கூர்ந்து பாருங்கள். தோள்பட்டையின் லெவல் 2-க்கு விட்டிருக்கும் வரம்பு, முதுகின் லெவல் 1-ஐ விடவே தளர்ந்தது. ஆனால் கடையில் "சார், லெவல் டூ ஆர்மர்" என்று மொத்தமாக ஒரு வார்த்தை சொல்லுவார்கள். எந்த இடத்து லெவல் டூ என்று கேட்டால்தான் தெரியும். முதுகில் வைப்பதன் மேல் 1621-2 என்ற எண்ணும், பக்கத்திலேயே 1 அல்லது 2 என்ற லெவலும் அச்சாகியோ வார்க்கப்பட்டோ இருக்க வேண்டும். வெறும் சிஇ என்ற இரண்டு எழுத்து ஒன்றுக்கும் உதவாது.

அதே லேபிளில் இன்னும் சில எழுத்துகள் இருக்கும். எஃப்பி என்றால் முழு முதுகு, தோள்பட்டை எலும்புகளையும் சேர்த்து. சிபி என்றால் நடு முதுகு மட்டும். எல்பி என்றால் இடுப்புக்கு மேலே உள்ள கீழ் முதுகு. டி+ என்று இருந்தால் 40 டிகிரி வெப்பத்திலும் சோதித்துத் தேறியது என்று பொருள். டி- என்றால் மைனஸ் 10 டிகிரியில். நமக்கு டி- பற்றிக் கவலையில்லை. டி+ முக்கியம். இன்றைய இன்சர்ட்கள் பலவும் டி3ஓ மாதிரியான பொருளால் ஆனவை: சோள மாவைத் தண்ணீரில் குழைத்தால் விரலை மெதுவாக விட உள்ளே போகும், ஓங்கிக் குத்தினால் கெட்டியாகி நிற்கும் அல்லவா, ஏறக்குறைய அந்தக் குணம். இவை சூட்டில் இளகும், குளிரில் விறைக்கும். மே மாத மதியத்தில் வெயிலில் நிறுத்திய பைக்கின் சீட்டின் மேல் ஜாக்கெட்டைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகும் ஊரில், டி+ இல்லாத ஒன்றை நான் வாங்க மாட்டேன்.

சரி, இன்சர்ட்டா ஸ்ட்ராப்பா? எனக்கு நிஜமாகவே குழப்பம் இருந்தது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

இன்சர்ட்டின் பெரிய பலம் அதை மறக்க முடியாது என்பது. ஜாக்கெட்டைப் போட்டால் அதுவும் வந்துவிடுகிறது. காலை எட்டரைக்கு ஆபீஸுக்கு ஓடுகிறவனிடம் இன்னொரு கொக்கியையும் பெல்ட்டையும் மாட்டு என்று சொன்னால் முதல் வாரம் மாட்டுவான், அப்புறம் அது கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். விலையும் குறைவு. பலவீனம், அது ஜாக்கெட்டின் கைதி. உறை எந்த அளவோ அந்த அளவுதான் போட முடியும். ஒரு கம்பெனியின் உறையில் இன்னொரு கம்பெனியின் இன்சர்ட் உட்காராது. அகலம் சரியாக இருந்தால் நீளம் இடிக்கும். நான் கடையில் பார்த்த இன்சர்ட்களில் பெரும்பாலானவை சிபி. உறையே சின்னதாகத் தைத்திருந்தால் இடுப்புக்கு நாலு விரற்கடை மேலேயே காப்பு முடிந்துவிடும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஜாக்கெட்டின் பிடிப்பு. நம்மில் பலர் காற்று வரட்டும் என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்குகிறோம். என் நண்பர் ஒருவர் அப்படித்தான் வாங்கினார், உள்ளே நல்ல லெவல் 2 இன்சர்ட். மலை இறக்கத்தில் மண் பரவிய வளைவொன்றில் வண்டி வழுக்கி, மல்லாந்தபடி சில மீட்டர் சறுக்கினார். ஜாக்கெட் அக்குள் வரை ஏறிக்கொண்டது, இன்சர்ட்டும் கூடவே ஏறியது. கீழ் முதுகில் தோல் உரிந்து பத்து நாள் குப்புறப் படுத்தார். காப்பு கெட்டிக்காரக் காப்புதான், இடத்தில் இல்லை. ஜாக்கெட்டையும் பேன்ட்டையும் சேர்க்கும் ஜிப் ஒன்று பல ஜாக்கெட்டுகளில் உண்டு. அவருடையதிலும் இருந்தது. ஒரு நாளும் போட்டதில்லை என்றார்.

ஸ்ட்ராப் வகை ஜெயிப்பது இங்கே. இடுப்பு பெல்ட் அதை உடம்போடு இறுக்கிப் பிடிக்கிறது, மேலே இருக்கும் ஜாக்கெட் என்ன ஆட்டம் ஆடினாலும் காப்பு தன் இடத்தில் இருக்கும். இரண்டு மூன்று ஜாக்கெட் வைத்திருப்பவருக்கு ஒன்றே போதும். நீளமாகவும் அகலமாகவும் கிடைக்கிறது. கீழே பதிந்த பெல்ட் நீண்ட பயணத்தில் முதுகுக்கு ஓர் ஆதரவாகவும் இருக்கிறது, இது எதிர்பாராத லாபம். இதன் பழைய வடிவம் ஓடு மாதிரி பிளாஸ்டிக் தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிய அடுக்கு. 1970-களின் கடைசியில் இத்தாலியின் டைனீசி கம்பெனி இதை வடிவமைத்தபோது முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது சிங்கி இறாலின் மேலோட்டை. பந்தய வீரர் பேரி ஷீன்தான் அதன் ஆரம்பகால வெள்ளோட்டக்காரர். முன்னால் வளையும், பின்னால் வளையாது. இன்றும் கடினத் தட்டு வகை அந்த யோசனையில்தான் ஓடுகிறது. மென்மையான ரகங்களும் வந்துவிட்டன.

குறை? வேர்வை. வலைத்துணியில் தைத்த மெஷ் ஜாக்கெட்டின் முதுகு வழியாக வரும் கொஞ்ச நஞ்சக் காற்றையும் இது அடைத்துவிடும். துளை போட்ட இன்சர்ட்டும் அடைக்கத்தான் செய்கிறது, ஆனால் ஸ்ட்ராப்பில் பெல்ட்டும் சேர்ந்து வயிற்றைச் சுற்றி ஒரு ஈரப்பட்டி கட்டிவிடும். பெங்களூர் போகும் வழியில் ஆம்பூரில் பிரியாணியை ஒரு கை பார்த்துவிட்டு அந்த பெல்ட்டைத் திரும்ப மாட்டிப் பார்த்தவர்களுக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை.

லெவல் 1-ஐ ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்டால், எனக்குத் தெரிந்து ஒரே காரணம்தான்: உங்கள் உறைக்குள் லெவல் 2 நுழையவில்லை என்றால். முன்பு லெவல் 2 என்றால் தடித்த பலகை முதுகில் ஏறியது போல இருக்கும். இப்போது மெல்லிய லெவல் 2 கிடைக்கிறது. விலை வித்தியாசம் இரண்டு டேங்க் பெட்ரோலுக்குள் முடிந்தால் லெவல் 2-க்கே போங்கள். அதே சமயம், உடம்போடு ஒட்டி நிற்கும் லெவல் 1-க்கும் தொளதொளவென்று நகரும் லெவல் 2-க்கும் நடுவில் தேர்ந்தெடுக்கச் சொன்னால், தயங்காமல் லெவல் 1 என்பேன்.

ஏர்பேக் இந்தச் சண்டைக்கே வெளியில் நிற்கிறது. இதற்குத் தனித் தரம், ஈஎன் 1621-4. லெவல் 1-க்கு 4.5 கிலோநியூட்டன், லெவல் 2-க்கு 2.5. காற்று செய்யும் வேலைக்கு எந்த நுரையும் பக்கத்தில் வர முடியாது. முதுகோடு பெரும்பாலும் நெஞ்சு, கழுத்துப் பகுதிகளையும் அணைத்துக்கொள்ளும். மோட்டோஜிபி என்ற உலக பைக் பந்தயத்தில் 2018 முதல் இது கட்டாயம். இரண்டு வகை உண்டு. ஒன்று, வண்டியோடு ஒரு கயிற்றால் பிணைப்பது: நீங்கள் தூக்கி எறியப்படும்போது கயிறு இழுபட்டு, கார்பன் டை ஆக்சைடு குப்பி திறந்து, வெஸ்ட் உப்பும். இதில் சார்ஜ் போட வேண்டாம், கோளாறு குறைவு. ஆனால் வண்டியை விட்டு உடம்பு பிரிந்தால்தான் திறக்கும். பெட்ரோல் பங்கில் கொக்கியைக் கழற்ற மறந்து இறங்கி நடந்தால், நன்றாக இழுபட்ட பிறகு அங்கேயே பலூனாக நிற்க வேண்டியதுதான். இன்னொன்று சென்சார் வகை: விழுவதைத் தானே கண்டுகொள்ளும். சார்ஜ் வேண்டும், சிலவற்றுக்கு மாதச் சந்தாவும் உண்டு.

இதன் விலையில் ஒரு முழு செட் ரைடிங் கியர் வாங்கிவிடலாம். குப்பி தீர்ந்தால் புதிது வேண்டும், அது வால்பாறையில் கிடைக்காது. மேலே பேக் மாட்டினால் உப்புவதற்கு இடம் இருக்காது. பணம் ஒரு தடை இல்லாதவருக்கு, வருடத்தில் பெரும்பகுதியை நெடுஞ்சாலையில் கழிப்பவருக்கு, உள்ளே ஓர் இன்சர்ட்டோடு சேர்த்துப் போட இதைவிட நல்லது இல்லை. எனக்கு இப்போதைக்கு வேண்டாம்.

பேக் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஐடி வேலைக்குப் போகிறவர்கள் லேப்டாப் சார்ஜர், டிபன் பாக்ஸ், சில பேர் வண்டியின் செயின் லாக்கைக்கூட முதுகுப்பையில் போட்டுக்கொண்டு ஓட்டுகிறார்கள். மல்லாந்து விழுந்தால் தார்ச்சாலைக்கு முன்னால் முதுகில் குத்தப்போவது அந்த எவர்சில்வர் டப்பாதான். எந்தக் காப்பு வாங்கினாலும் கனமான பொருளை டேங்க் பேக்குக்கோ பின்சீட்டுக்கோ மாற்றுங்கள்.

இதையும் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது: இவை எல்லாம் நேராக முதுகில் விழும் அடிக்கு. நடைபாதை விளிம்பு, மைல்கல், இன்னொரு வண்டியின் ஃபுட்ரெஸ்ட் மாதிரி. தலை முதலில் மோதிக் கழுத்து மடங்குவதை, இடுப்பு ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமும் முறுக்கிக்கொள்வதை எந்த இன்சர்ட்டும் ஸ்ட்ராப்பும் தடுக்காது. முதுகெலும்புக்குப் பெரிய சேதம் பல சமயம் அப்படித்தான் வருகிறது. கடையில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

அளவெடுப்பது சட்டை சைஸை வைத்து இல்லை. கழுத்து தோளைச் சந்திக்கும் இடத்திலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு உயரம் வரை முதுகோடு டேப்பை விடச் சொல்லி, அந்த சென்டிமீட்டர் லேபிளில் உள்ள எல்லைக்குள் வருகிறதா என்று பாருங்கள். அப்புறம் கடை வாசலில் உங்கள் வண்டியிலேயே ஏறி உட்காருங்கள். சென்னை ஜிபி ரோட்டுக் கடைகளில் இதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. ஹெல்மெட்டோடு நிமிர்ந்து பார்க்கும்போது பின்கழுத்தில் மேல்விளிம்பு முட்டக் கூடாது. குனியும்போது கீழ்விளிம்பு சீட்டில் இடித்து மேலே தள்ளக் கூடாது. கைகளை நீட்டி ஹேண்டில்பாரைப் பிடித்தால் முதுகு விரிந்து காப்பு மேலே நகரும், அதையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

நான் கடைசியில் என் ஜாக்கெட்டுக்கு லெவல் 2, சிபி, டி+ இன்சர்ட் ஒன்று எடுத்தேன். ஜாக்கெட்டின் பக்கவாட்டு ஸ்ட்ராப்களை முதல் முறையாக இறுக்கினேன், பேன்ட் ஜிப்பையும் போடுகிறேன். தினசரிக்கு இது. ஸ்ட்ராப் வகை ஒன்றையும் வாங்கினேன், ஆனால் எனக்காக இல்லை. பின்னால் உட்காருபவருக்கு ரைடிங் ஜாக்கெட் கிடையாது, சுடிதார் மேல் ஒரு ஜீன்ஸ் ஜாக்கெட்தான். இன்சர்ட் செருக உறை ஏது? "இதென்ன ஆமை மாதிரி" என்று என் மனைவி முதல் நாள் சிரித்தாள். மலைக்குப் போகும்போது இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் போடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். டேப் வைத்துப் பார்த்தால் அவளுடைய முதுகு என்னுடையதைவிட 5 சென்டிமீட்டர் குறைவு. எனக்கு வேண்டுமானால் தனியாக ஒன்று வாங்க வேண்டும்.