எபோனைட் இங்க் பேனா: உட்கார்ந்து எழுதுகிறவருக்கு மட்டும்

சட்டைப்பையில் செருகிக்கொண்டு பஸ் ஏறுகிறவர்களுக்கான பேனா அல்ல இது. ஒரு மேசை, ஒரு நோட்டு, காலையிலோ இரவிலோ யாரும் தொந்தரவு செய்யாத அரை மணி நேரம், இந்த மூன்றும் உள்ளவர் வாங்கினால் கொடுத்த காசு வீண் போகாது. மற்றவர் வாங்கினால் சில வாரங்களில் டிராயருக்குள் போய்விடும், உள்ளே மை காய்ந்துபோய்.

குறிப்பிட்ட ஒரு மாடலைப் பற்றிய மதிப்பீடு இல்லை இது. எபோனைட் கம்பியைக் கடைசல் இயந்திரத்தில் கையால் கடைந்து, ஃபில்லரால் மை ஊற்றி எழுதுகிற மாதிரி செய்யும் பேனா வகை முழுவதையும் பற்றியது. ராஜமுந்திரியில் ரத்னம், திருவள்ளூரில் ரங்கா என்று இன்றும் செய்கிறார்கள். ரத்னம் செய்த பேனா ஒன்று காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா வழியாகக் காந்தியின் கைக்குப் போக, அவர் எழுதிப் பார்த்துவிட்டு, கடைவீதியில் கிடைக்கும் வெளிநாட்டுப் பேனாக்களுக்கு நல்ல மாற்றாகத்தான் தெரிகிறது என்று 1935இல் கடிதம் போட்டார். அந்த வகைப் பேனாவின் அமைப்பில் பெரிய மாற்றம் ஏதும் வந்துவிடவில்லை. நிப்பு, அதற்கு அடியில் மையைக் கொண்டுவரும் நாக்கு, இரண்டையும் பிடித்திருக்கும் கழுத்து, உடம்பு, மூடி. டியூபும் கிடையாது, பிஸ்டனும் கிடையாது. உடம்பேதான் மைக்கூடு.

எபோனைட் என்பது ரப்பர்தான். ரப்பரோடு கந்தகத்தை நிறையச் சேர்த்து நெடுநேரம் சூடாக்கினால் இறுகிப்போய் மரக்கட்டை போல ஆகிவிடும். 1851இல் நெல்சன் குட்இயர் என்பவர் இதற்குக் காப்புரிமை வாங்கினார். கையில் பிடித்தால் உலோகப் பேனாவைப் போல ஜில்லென்று இருக்காது, பிளாஸ்டிக் போல வழுக்காது. வியர்க்கும் கைக்கு இந்த ஒரு குணமே போதும். எடையும் குறைவு: பெரும்பாலான மாடல்கள் 20 முதல் 30 கிராமுக்குள் அடங்கிவிடும். புதுப் பேனாவை முகர்ந்தால் லேசாகக் கந்தக வாடை வரும். பயப்பட வேண்டாம், போகப்போகக் குறைந்துவிடும். பளபளவென்று பாலிஷ் போட்டதும் கிடைக்கும், பளபளப்பில்லாமல் மேட் (matte) ஆக விட்டதும் கிடைக்கும். மேட் வாங்கினால் விரல் படுகிற இடம் மட்டும் நாளடைவில் தானாக மின்ன ஆரம்பிக்கும். சிலருக்கு அது பிடிக்கும். பிடிக்காதவர் முதலிலேயே பாலிஷ் கேட்டுவிடுவது நல்லது.

இந்தப் பொருளுக்கு ஆகாதவை இரண்டு. ஒன்று வெயில், இன்னொன்று வெந்நீர். ஜன்னலோரம் மாதக்கணக்கில் கிடந்தால் கறுப்பு நிறம் பச்சையும் பழுப்புமாக மங்கும். வெந்நீரில் முக்கினால் அதே வேலை சில நிமிடங்களிலேயே நடந்துவிடும். கழுவுவதற்காக முழுப் பேனாவையும் ராத்திரி பூராவும் தண்ணீரில் ஊறப் போடுகிற பழக்கம் பலருக்கு உண்டு. எபோனைட்டை அப்படிச் செய்யக் கூடாது. நிப்புள்ள முனையை மட்டும் சாதாரணத் தண்ணீரில் அலசினால் போதும்.

வாங்கியவுடன் மை ஊற்றாதீர்கள். கடைசலில் பட்ட எண்ணெய்ப் பிசுக்கு நாக்கின் பள்ளங்களில் ஒட்டியிருக்கும். அது இருக்கும்வரை மை சீராக இறங்காது, இரண்டு வரிக்கு ஒருமுறை விட்டுவிட்டு எழுதும். பேனா சரியில்லை என்று திருப்பி அனுப்பப்படுகிறவற்றில் இப்படிப்பட்டவையும் இருக்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டு விட்டு, கழுத்துப் பகுதியை மட்டும் அலசி, பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை கழுவி, துணியில் நிமிர்த்தி வைத்துக் காயவிட வேண்டும்.

பிறகு மரை. கழுத்தும் உடம்பும் சேரும் மரையில் சிலிக்கான் கிரீஸை அரிசி அளவுக்கும் குறைவாக எடுத்து, சுற்றிலும் மெல்லப் பூச வேண்டும். வாஸலின் வேண்டாம். சில பேனாக்களில் அந்த இடத்தில் ரப்பர் வளையம் இருக்கும், அதை வாஸலின் கெடுத்துவிடும். கிரீஸ் கிடைக்காவிட்டால் பிளம்பர்கள் சுற்றும் வெள்ளை டேப்பை ஒரே ஒரு சுற்று சுற்றலாம். அதற்கு மேல் சுற்றினால் மரை இறுகி, மெல்லிய உடம்பாக இருந்தால் விரிசல் விடும்.

உடம்பைச் செங்குத்தாகப் பிடித்து ஃபில்லரால் மை விடுங்கள். மரை தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்திவிட வேண்டும். மாடலைப் பொறுத்து இரண்டரை முதல் நான்கு மில்லி வரை பிடிக்கும். கன்வெர்ட்டர், அதாவது மையை உறிஞ்சி வைக்கும் சிறு குழாய், போட்ட பேனாக்களில் பெரும்பாலும் ஒரு மில்லிகூடப் பிடிக்காது என்பதை நினைத்தால் இதன் அருமை தெரியும். உடம்பை நிமிர்த்தியபடியே கழுத்தைத் திருகி மூடி, வழிந்ததைத் துடைத்து, நிப்பைக் கீழ்நோக்கி ஐந்து நிமிடம் வையுங்கள். அவசரப்பட்டு உதறினால் சுவரும் சட்டையும்தான் எழுதப்படும்.

இனி இந்த வகைப் பேனாவின் பெரிய குறை: சொட்டுவது. நன்றாக எழுதிக்கொண்டிருக்கும்போதே நிப்பின் முனையில் ஒரு துளி திரண்டு பக்கத்தின் நடுவில் விழும். கடைக்காரரைக் கேட்டால் 'இங்க் பேனான்னா அப்படித்தான் சார்' என்பார். அப்படித்தான் இல்லை, காரணம் இருக்கிறது. பாதிக்கு மேல் மை தீர்ந்த பேனாவுக்குள் மூன்று மில்லி காற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 27 டிகிரியில் இருந்த பேனா கைச்சூட்டில் 35 டிகிரிக்கு வந்தால், உள்ளே இருக்கும் காற்று ஏறக்குறைய 2.7 சதவீதம் விரியும். அது 0.08 மில்லி. மையின் ஒரு சொட்டு சுமார் 0.05 மில்லி. ஆக ஒன்றரைச் சொட்டு மையை அந்தக் காற்று வெளியே தள்ளுகிறது, நாக்கின் பள்ளங்களால் அவ்வளவையும் தாங்கிக்கொள்ள முடியவில்லை என்றால் தாளில் விழுகிறது. அதே பேனா நிறைந்திருந்து காற்று அரை மில்லி மட்டுமே இருந்தால், தள்ளப்படுவது ஒரு சொட்டில் கால் பங்குதான். அதை நாக்கு விழுங்கிக்கொள்ளும்.

எனவே மை மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கும்போதே நிரப்பிவிட வேண்டும். ஏசி அறையிலிருந்து வெயிலுக்குக் கொண்டுபோனால் நிப்பு மேல்நோக்கி இருக்கட்டும். விமானத்தில் ஒன்று முழுதாக நிரப்பிக் கொண்டுபோங்கள், இல்லையென்றால் காலியாக. பாதி மையோடு ஏறுவதுதான் ஆபத்து. உடம்பின் சுவர் தடிமனாக உள்ள மாடலில் கைச்சூடு மெதுவாகத்தான் உள்ளே போகும். அதனால் ஒல்லியான பேனாவைவிடக் கொஞ்சம் பருத்ததை எடுப்பது புத்திசாலித்தனம். இந்த வகைப் பேனாக்கள் உருளைக்கட்டை மாதிரி இருக்கின்றன என்று கேலி செய்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

தமிழ் எழுதுகிறவர்கள் நிப்பைத் தேர்ந்தெடுப்பதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். நம் எழுத்தில் சுழி அதிகம். ணை, ஞ, இ, ஐ இவற்றின் உள்வட்டங்கள் பட்டையாக எழுதும் பிராட் நிப்பில் அடைத்துக்கொண்டு கரும்புள்ளிகளாகிவிடும். கோடு போட்ட சாதாரண நோட்டுக்கு மெல்லிசாக எழுதும் ஃபைன்தான் சரி, பெரிய கையெழுத்துக்காரருக்கு மீடியம். அடுத்து, சுழிக்கும்போது நிப்பை நாம் மேல்நோக்கியும் இடது பக்கமாகவும் தள்ளுகிறோம். முனையின் இரு பாதிகளில் ஒன்று ஒரு மயிரிழை ஏறியிருந்தாலும் அந்தத் திசையில் கீறும். ஆங்கிலம் எழுதிப் பார்த்து 'ஸ்மூத்தா இருக்கு' என்று வாங்கிவந்து, வீட்டில் தமிழ் எழுதும்போது கரகரவென்று இழுப்பது இதனால்தான். சோதிக்கும்போது கையெழுத்துப் போட்டுப் பார்க்காதீர்கள். இடஞ்சுழியாகப் பத்து வட்டம், வலஞ்சுழியாகப் பத்து வட்டம் போடுங்கள், கூடவே 'இணைஞர்' மாதிரி ஏதாவது கிறுக்குங்கள். அர்த்தம் இல்லாவிட்டால் பரவாயில்லை. ஒரு திசையில் மட்டும் கீறினால், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் முனையைப் பாருங்கள். ஏறியிருக்கும் பாதியை நகத்தால் சில விநாடிகள் மெல்ல அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் இறங்கிவிடும். சாணைத்தாளில் தேய்ப்பது கடைசி வழி. தேய்ந்த முனை திரும்ப வராது.

எழுதத் தொடங்கி இரண்டு பக்கத்துக்குப் பிறகு மை மெலிந்துபோனால், நாக்கு நிப்போடு ஒட்டவில்லை என்று பொருள். எபோனைட் நாக்காக இருந்தால் இதைச் சரிசெய்யலாம். நிப்பையும் நாக்கையும் மட்டும் கொதிநிலைக்குக் கீழான வெந்நீரில் அரை நிமிடம் பிடித்து, எடுத்தவுடன் இரண்டையும் விரலால் சேர்த்து அழுத்தி ஆறவிட வேண்டும். கழுத்தில் வெந்நீர் படக் கூடாது. பிளாஸ்டிக் நாக்கில் இந்த வித்தை பலிக்காது.

மையைப் பற்றிச் சுருக்கமாக. சாதாரண ராயல் ப்ளூ போதும். கேமல், பிரில், 1934இல் சுதேசி மையாகத் தொடங்கிய சுலேகா என்று எதை வேண்டுமானாலும் ஊற்றலாம். ராயல் ப்ளூ வெயிலில் வெளுக்கும், தண்ணீரில் கரையும். பத்திரத்துக்கும் முகவரிக்கும் வேறு பேனா வைத்துக்கொள்ளுங்கள். ஓவியர்களின் இந்தியன் இங்க் மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் அரக்கு சேர்ந்த வகை நாக்கில் காய்ந்தால் பேனா அவ்வளவுதான்.

தாளில் ஜிஎஸ்எம் எண்ணை, அதாவது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பதை, மட்டும் நம்ப வேண்டாம். 70 ஜிஎஸ்எம் தாள் ஒன்றில் மை கோடாக நிற்கும், இன்னொன்றில் வேர்விட்டுப் பரவும். தாளின் மேற்பூச்சைப் பொறுத்தது அது. கடையிலேயே நோட்டின் கடைசிப் பக்க மூலையில் ஒரு சின்ன வட்டம் போட்டுப் பத்து விநாடி பாருங்கள். ஓரம் பிசிறினால் வேண்டாம். ஐப்பசி கார்த்திகையில் ஈரக்காற்று குடித்த நோட்டு, கோடையில் நன்றாக இருந்ததே என்று தோன்றும்படி பிசிறும். நோட்டைக் கம்பியோ ரப்பர் பேண்டோ போட்டு மூடிய பிளாஸ்டிக் உறையில் வைத்தால் ஓரளவு தப்பிக்கலாம்.

இனி அன்றாட வேலைக்கு வருவோம். மூடியைக் கழற்ற இரண்டு மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். போன் பேசிக்கொண்டே ஒரு நம்பரைக் குறிக்க இது உதவாது, அதற்கு டப்பென்று திறக்கும் லாமி சஃபாரி மாதிரியோ பென்சிலோதான். ஆனால் திறந்தால் ஒரு பக்கமாவது எழுதாமல் மூட மனம் வராது. நாளின் வேலைகளைத் திட்டமிடுவது, கடிதம், கட்டுரையின் முதல் வரைவு, மனதில் குழம்பிக் கிடப்பதை இறக்கி வைப்பது, இவற்றுக்கு இந்தத் தாமதம் பொருந்துகிறது. அழிக்க முடியாது என்பதால் அடித்துவிட்டு மேலே போகிறோம். அடித்த வரி கண் முன்னே கிடப்பதில் ஒரு லாபமும் உண்டு: மறுநாள் படிக்கும்போது, பாதி நேரம் அதுதான் சரியான வரியாக இருக்கும்.

பால் பாயின்ட் பழகிய கை முதல் வாரம் அழுத்தும். அழுத்தினால் நிப்பு விரிந்து மை கொட்டும், மணிக்கட்டும் வலிக்கும். 45 டிகிரி சாய்வில் பிடித்து, பேனாவின் எடையே எழுதட்டும் என்று விட வேண்டும். மூடியைப் பின்னால் செருகாதீர்கள். பாரம் பின்னுக்குப் போகும், பாலிஷும் தேயும். கிளிப் இல்லாத மாடல் மேசையில் உருளும். எபோனைட் கீழே விழுந்தால் மூடியின் விளிம்பு உடையலாம், நிப்பு முதலில் தரையைத் தொட்டால் சொல்லவே வேண்டாம்.

ஆர்டர் கொடுக்கும்போது விலையை மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். அது உள்நாட்டு நிப்புக்கான விலையா ஜெர்மன் நிப்புக்கானதா என்பதில்தான் பெரிய வித்தியாசம். நாக்கு எபோனைட்டா பிளாஸ்டிக்கா, கிளிப் உண்டா, வெறும் ஃபில்லர் வகையா அல்லது கன்வெர்ட்டரும் பொருந்துமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் பொருந்துவது கிடைத்தால் அதையே எடுக்கலாம், பயணத்தின்போது கன்வெர்ட்டரைப் போட்டுக்கொள்ளலாம். பார்சல் வந்ததும் மூடியின் வாயை உதட்டில் வைத்துக் காற்றை உறிஞ்சிப் பாருங்கள். உதட்டோடு ஒட்டி நின்றால் மூடியில் ஓட்டை இல்லை. நிற்காவிட்டால் காற்று போகிறது என்று அர்த்தம், காலையில் நிப்பு காய்ந்துதான் கிடக்கும். அதைத் திருப்பி அனுப்பிவிடலாம்.