ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றக் கொடுக்கிறீர்களா? லெவல் பார்த்தார்களா என்று கேளுங்கள்

நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியைத்தான் ஆயில் மாற்றக் கொடுத்தேன். திரும்பி வந்ததிலிருந்து டி-யில் போட்டால் சும்மா நின்றுவிட்டு, பிறகு டக்கென்று இழுத்தது. வளைவில் திரும்பும்போது ஆர்பிஎம் மட்டும் ஏறும், வேகம் ஏறாது. அதே ஒர்க்‌ஷாப்புக்குப் போனால், ஓட்டிக்கூடப் பார்க்காமல் "கியர்பாக்ஸ் போயிடுச்சு சார், இறக்கித்தான் பார்க்கணும்" என்றார்கள். ஆயில் அளவைப் பாருங்கள் என்று சொல்லியும் ஒருவரும் காரின் அடியில் குனியவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

என் காரில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக் கிடையாது, அடியில் லெவல் போல்ட்தான்; அதைக் கழற்றினால் அந்த மட்டத்துக்கு மேல் இருக்கும் ஆயில் வழியும். நான்கு பக்கமும் ஸ்டாண்ட் கொடுத்து வண்டியை ஒரே மட்டத்தில் நிறுத்தினேன். முன்பக்கம் மட்டும் தூக்கினால் அளவு தப்பாகக் காட்டும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போவது உயிருக்கே ஆபத்து. ஆயில் சூட்டைக் காட்டும் ஸ்கேனரை மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி பி, ஆர், என், டி எல்லாவற்றிலும் சில நொடி வைத்துத் திரும்ப பி-க்குக் கொண்டுவந்தேன். ஆயில் சூடு 40 டிகிரியைத் தொட்டதும் போல்ட்டைக் கழற்றினேன். ஒரு சொட்டு வரவில்லை. மேலே நிரப்பும் துளையில் ஊற்ற ஊற்ற உள்ளே போய்க்கொண்டே இருந்தது. ஒரு லிட்டருக்கும் மேல் போன பிறகுதான் லெவல் துளையில் நூல் போல வழிய ஆரம்பித்தது. அந்த வழிசல் சொட்டாக மாறும்போது மூட வேண்டும்.

இன்ஜின் நிற்கும்போது ஊற்றி, வழிந்ததும் மூடியிருக்கிறார்கள் என்பது என் முடிவு. இன்ஜின் ஓடினால் பம்ப் ஆயிலை உறிஞ்சி, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டருக்கு அனுப்பும், பேனில் (கியர்பாக்ஸின் அடித்தட்டில்) அளவு இறங்கிவிடும். அந்தக் குறையோடு ஓட்டினால் பம்ப் காற்றை இழுக்கும், அழுத்தம் விழும், கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் வழுக்கி எரியும். அதிகமானாலும் கெடுதல்தான்: சுழலும் பாகங்கள் கடைந்து ஆயில் நுரைக்கும். சூடு ஏறினால் ஆயில் விரியும் என்பதால்தான் மேனுவலில் வெப்பநிலை போட்டிருக்கிறார்கள். பல வண்டிகளுக்கு அது 35 முதல் 45 டிகிரி. டிப்ஸ்டிக் உள்ள ஹோண்டா கார்கள் பலவற்றில் முறையே வேறு, சூடாக்கி இன்ஜினை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். உங்கள் வண்டியின் மேனுவல் என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு.

பில்லிலும் ஏமாற்று. "முழு ஆயில் மாற்றம்" என்று போட்டிருந்தது. வழிந்ததைப் பிடித்துப் பார்த்தேன், புது ஆயிலின் சிவப்பே இல்லை, பழுப்பு. பேன் போல்ட்டைக் கழற்றினால் பல வண்டிகளில் பாதி ஆயில்கூட வராது. மீதி டார்க் கன்வெர்ட்டரிலும் கூலரிலும் நிற்கும். வடித்தது மட்டும்தான் என்றால் அப்படியே எழுதித் தரட்டும். "எல்லா வண்டிக்கும் சேரும்" என்று டின்னை நீட்டினாலும் வாங்காதீர்கள். டெக்ஸ்ரான் 6, டொயோட்டா டபிள்யூ.எஸ்., ஏ.டி.எஃப்.+4 எல்லாம் தனித்தனி ஆயில் வகைகள், சி.வி.டி. எனும் பெல்ட் வகை ஆட்டோமேட்டிக்குக்கான ஆயில் முற்றிலும் வேறு.

வீட்டிலேயே செய்பவர்கள் முதலில் நிரப்பும் போல்ட்டைத் தளர்த்திப் பாருங்கள். அது இறுகிக்கிடப்பது வடித்த பிறகு தெரிந்தால் வண்டி நகராது. வடிந்ததை அளந்து அதே அளவு ஊற்றிவிட்டு, பிறகு லெவல் பாருங்கள். வாஷர் புதிது போடுங்கள்.

என் கார் இப்போது இழுக்காமல் கியர் மாறுகிறது. பணம் திரும்பக் கேட்டேன், தரவில்லை. ஆயில் மாற்றிய கையோடு யாராவது கியர்பாக்ஸை இறக்கச் சொன்னால், உங்கள் கண்முன்னே இன்ஜினை ஓடவிட்டு, சூடு பார்த்து, லெவல் போல்ட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அதுவரை ஸ்பேனரை வைக்க விடாதீர்கள்.