துபாயில் பள்ளி: சிபிஎஸ்இயா, பிரிட்டிஷா, ஐபியா?

துபாய்க்கு வேலை மாறி வரும் குடும்பங்களில் வாடகைக்கு அடுத்தபடியாக மண்டையைக் குடைவது பள்ளிதான். நம்மவர்கள் கடைசியில் வந்து நிற்பது மூன்று வாசல்களில்: இந்தியப் பாடத்திட்டமான சிபிஎஸ்இ, பிரிட்டிஷ், பல நாடுகளுக்கும் பொதுவான ஐபி (இன்டர்நேஷனல் பேக்கலாரியேட்). பள்ளியின் நீச்சல் குளத்தைப் பார்க்கும் முன் பிள்ளை எந்த ஊரில் கல்லூரி சேரும் என்று வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். தெரியாது என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் பதில். அப்படியானால், எப்போது வேண்டுமானாலும் ஊர் திரும்ப எது வசதி என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் பணம். சிபிஎஸ்இ பள்ளிகளில் ஆண்டுக்கு ஏறக்குறைய ஆறேழாயிரம் திர்ஹத்தில் தொடங்கி முப்பதாயிரத்தைத் தாண்டியும் போகிறது. பிரிட்டிஷ் பள்ளிகளில் இருபதாயிரத்துக்குக் கீழேயும் சில உண்டு. பெயர் பெற்றவை ஒரு லட்சத்தைத் தொடும். ஐபி பெரும்பாலும் மேல்தட்டு விலைதான். பேருந்து, சீருடை, சுற்றுலா எல்லாம் தனி. பிரிட்டிஷ், ஐபி இரண்டிலும் மேல் வகுப்புகளில் தேர்வுக் கட்டணமும் தனியாக வரும். கம்பெனி கல்விப்படி கொடுக்கிறது என்று துள்ள வேண்டாம். வேலை போனால் படியும் அன்றோடு போய்விடும், அடுத்த பருவத்துக் கட்டணம் மட்டும் நம் தலையில் நிற்கும். படி இல்லாமல் சொந்தச் சம்பளத்தில் ஓராண்டாவது கட்ட முடியுமா என்று பார்த்துவிட்டுச் சேர்ப்பது நல்லது.

தொடக்க வகுப்புகளில் மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெற்றோர்கள் பெரிதாக்கிக்கொள்கிறார்கள் என்பது என் எண்ணம். ஐபி, பிரிட்டிஷ் வகுப்பறைகளில் பிள்ளைகள் குறைவு, செய்து பார்க்கும் வேலை அதிகம், வீட்டுப்பாடம் கம்மி. சிபிஎஸ்இயில் கூட்டம், நோட்டுப் புத்தகம், வாய்ப்பாடு. ஐந்தாம் வகுப்பு வரை நல்ல ஆசிரியை கிடைத்தால் எதுவும் சரிதான். செலவு செய்யத் தெம்பிருந்தால் அதைக் கடைசி நான்கு வருடங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஏனென்றால் உண்மையான பிரிவு பதினொன்றாம் வகுப்பில்தான் வருகிறது. மருத்துவத்துக்கான நீட், பொறியியலுக்கான ஜேஇஇ இரண்டும் சிபிஎஸ்இ பள்ளிகளில் படிக்கும் என்சிஇஆர்டி பாடத்தை ஒட்டியே போகின்றன. சிபிஎஸ்இ பிள்ளைக்குப் பள்ளியும் பயிற்சியும் ஒரே திசை. பிரிட்டிஷ் பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளான ஏ லெவலில் மூன்று நான்கு பாடங்களை ஆழமாகப் படிக்கிறார்கள். இங்கிலாந்துக்குப் போகிறவர்களுக்கு அது அருமை. ஆனால் இந்தியாவில் மருத்துவம் என்றால் இயற்பியல், வேதியியல், உயிரியலோடு ஆங்கிலமும் கேட்பார்கள். பாடம் எடுக்கும்போதே விசாரிக்காவிட்டால் கடைசியில் அலைச்சல். ஐபி டிப்ளோமாவில் ஆறு பாடம், 4,000 சொல் வரை நீளும் ஆய்வுக் கட்டுரை, சமூகப் பணி எல்லாம் உண்டு. மதிப்பெண் மொத்தம் 45 புள்ளிக்கு. நன்றாக எழுதும், சொன்ன நேரத்தில் வேலையை முடிக்கும் பிள்ளைக்கு அது சரிவரும். அதோடு ஜேஇஇ பயிற்சியையும் ஏற்றுவது கொடுமை.

நாள்காட்டியையும் பாருங்கள். சிபிஎஸ்இ முடிவு வழக்கமாக மே மாதம் வந்துவிடும். ஐபி ஜூலை முதல் வாரம். ஏ லெவல் முடிவு ஆகஸ்ட் நடுவில். தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிப்பதோ மே, ஜூனில். மதிப்பெண் கையில் இல்லாமல் என்ன செய்வது? சிலர் அதற்காகவே முந்தைய அக்டோபர், நவம்பர் சுற்றில் எழுதிவிடுகிறார்கள். வளைகுடாவில் வேலை செய்யும் இந்தியர்களின் பிள்ளைகளுக்கு என்ஐடி எனும் மத்திய அரசுப் பொறியியல் கல்லூரிகளில், வெளிநாட்டில் படித்தவர்களுக்கான டாசா திட்டத்துக்குள் தனிப் பிரிவு உண்டு, கட்டணமும் குறைவு. ஆனால் அங்கேயும் ஜேஇஇ மெயின் தரவரிசைதான் கணக்கு.

இடையில் மாறுவது இன்னொரு சிக்கல். இந்தியப் பள்ளி ஏப்ரலில் தொடங்கும், மற்ற இரண்டும் ஆகஸ்ட் கடைசியில். மார்ச்சில் ஐந்தாவது முடித்த பிள்ளையை பிரிட்டிஷ் பள்ளியில் சேர்த்தால் ஓடிக்கொண்டிருக்கும் ஆண்டின் மூன்றாம் பருவத்தில் நுழையும், இல்லையென்றால் ஆகஸ்ட் வரை வீட்டில் இருக்கும். வகுப்பு எண்ணும் குழப்பும்: இந்தியப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பு அங்கே இயர் ஆறு. எண் கூடிவிட்டது என்று தாத்தா பாட்டியிடம் பெருமையடிக்க வேண்டாம். எட்டாம் வகுப்புக்குப் பிறகு மாற்றாமல் இருப்பதே நல்லது. ஒன்பது, பத்தில் பிரிட்டிஷ் பள்ளிகளின் ஐஜிசிஎஸ்இக்கும் சிபிஎஸ்இக்கும் பாடம் ரொம்பவே விலகிவிடுகிறது.

தரத்துக்குப் பள்ளியின் விளம்பரத்தை நம்ப வேண்டியதில்லை. துபாயின் கல்வி ஆணையமான கேஎச்டிஏ 2008-இல் தனியார் பள்ளிகளை ஆய்வு செய்யத் தொடங்கி, பின்னர் ஆறு படிகளில் தரம் பிரித்திருக்கிறது. அறிக்கையும் கட்டண விவரமும் இணையத்தில் இலவசம். மொத்தத் தரத்தை விட்டுவிட்டு, உங்கள் பிள்ளை சேரும் பிரிவில் கணிதம், அறிவியலுக்கு என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படியுங்கள். அப்புறம், ஆசிரியர்கள் அடிக்கடி மாறுகிறார்களா என்று அங்கே படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்களிடம் கேளுங்கள். வரவேற்பறையில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

மொழி விஷயத்தில் மூன்றுமே நம்மை நெருக்குகின்றன. தனியார் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு வரை அரபி கட்டாயம். இந்தியப் பள்ளியில் அதோடு பெரும்பாலும் இந்தி. தமிழ் சொல்லித் தருபவை குறைவு, கேட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டிஷ், ஐபி பள்ளிகளில் வழக்கமாக பிரெஞ்சு, ஸ்பானிஷ். ஆனால் தமிழ்நாட்டில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கி 2006-இல் வந்த தமிழ் கற்றல் சட்டம் பின்னால் சிபிஎஸ்இ பள்ளிகளுக்கும் படிப்படியாக விரிந்தது. ஏழாம் வகுப்பில் திடீரென்று கோவைக்குத் திரும்பும் பிள்ளை, அ, ஆவில் தொடங்கி ஏழாவதின் தமிழ்ப் பாடம் வரை ஓட வேண்டியிருக்கும். எந்த வாசலில் நுழைந்தாலும் வார இறுதித் தமிழ் வகுப்புக்குக் கொஞ்சம் பணமும் வெள்ளி மாலையோ சனிக்கிழமை காலையோ ஒதுக்கி வையுங்கள்.