பாதி வருஷத்தில் உடைந்த இலக்கு: துரத்துவதா, தை வரை தள்ளிப்போடுவதா, குறைத்துக்கொள்வதா?

ஜனவரியில் நான் எழுதிவைத்தவை மூன்று. அவசரத் தேவைக்கென்று மாதம் 10,000 வீதம் டிசம்பருக்குள் 1,20,000 ரூபாய். கோவை ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் நிற்காமல் நான்கு சுற்று ஓட்டம். ஒரு சுற்று ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர், ஆகப் பத்து. மூன்றாவது, ஜெர்மன் மொழி. மார்ச் வரை மூன்றும் ஓரளவு நடந்தன. ஏப்ரல் முதல் வாரத்தில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிவு, அறுவை சிகிச்சை, அப்புறம் வாக்கரைப் பிடித்து நடக்கப் பழகும் வரை இரண்டரை மாதம். ஜூன் கடைசியில் நோட்டைத் திறந்தபோது சேமிப்பில் 8,000 மிச்சம். ஓட்டம் பூஜ்யம். ஜெர்மன் எந்தப் பாடத்தில் நின்றது என்றே நினைவில்லை.

அப்போது எனக்கு இருந்த வழிகள் மூன்று. பழைய இலக்கை அப்படியே வைத்துக்கொண்டு துரத்திப் பிடிப்பது ஒன்று. இந்த வருஷத்தை விட்டுவிட்டுத் தையில் புதிதாகத் தொடங்குவது இன்னொன்று. இலக்கைக் குறைத்து, நடுவில் தவறுவதற்கும் இடம் வைத்து, ஜூலையிலேயே மறுபடி தொடங்குவது மூன்றாவது. நான் மூன்றாவதைத்தான் எடுத்தேன். என் சாய்வு அந்தப் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

துரத்திப் பிடிப்பதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை, கணக்கே சொல்லிவிடும். மீதம் 1,12,000 ரூபாயை ஆறு மாதத்தில் சேர்க்க வேண்டுமானால் மாதம் 18,600-க்கு மேல். என் சம்பளத்தில் அது நடக்காது. ஓட்டத்தில் இன்னும் ஆபத்து. வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டாதே என்று பழகிய ஓட்டக்காரர்கள் சொல்வார்கள். 2023-இல் ஒரு மாத இடைவெளியை இரண்டே வாரத்தில் ஈடுகட்டப் பார்த்து, கெண்டைக்கால் வலியோடு அந்த வருஷம் முழுவதையும் இழந்தேன். இந்த வழிக்கும் ஒரு நியாயம் உண்டு: இடைவெளி சிறியதாக, பத்துப் பதினைந்து நாளாக இருந்தால் துரத்திவிடலாம். மூன்று மாதத்தைத் துரத்த முடியாது.

தள்ளிப்போடுவது மனசுக்கு இதமான வழி. தை பிறந்தால் வழி பிறக்கும் என்று கேட்டே வளர்ந்திருக்கிறோம். புதுத் தொடக்கத்துக்கு ஒரு பலம் உண்டு என்பதும் உண்மைதான். ஹெங்சென் டாய், கேட்டி மில்க்மன், ஜேசன் ரைஸ் மூவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு காலக்கட்டம் புதிதாகப் பிறக்கும்போது மக்கள் உடற்பயிற்சிக் கூடத்துக்கு அதிகம் போகிறார்கள் என்று காட்டினார்கள். ஆனால் அவர்கள் கண்ட பல தொடக்கங்களில் புத்தாண்டும் ஒன்று, அவ்வளவுதான்; வாரத்தின் முதல் நாளுக்கும், மாதத்தின் முதல் நாளுக்கும், பிறந்தநாளுக்குப் பிந்தைய நாட்களுக்கும் அந்த பலம் இருந்தது. நம் நாட்காட்டியில் அதற்குப் பஞ்சமே இல்லை. ஆடிப்பெருக்கு இருக்கிறது, விஜயதசமி இருக்கிறது. விதைப்பவர்களுக்கே ஆடிப்பட்டம்தான் முக்கியமான தொடக்கம்.

தஞ்சாவூர்ப் பக்கம் விவசாயம் செய்யும் என் மாமா இதை வேறு மாதிரி சொன்னார். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். தண்ணீர் தாமதமானால் குறுவையை விட்டுவிட்டுச் சம்பாவுக்குப் போவார்கள். அதுவும் பிந்தினால் 155 நாள் பிடிக்கும் சி.ஆர். 1009 போன்ற நெல் ரகத்தை விட்டுவிட்டுக் குறுகிய கால ரகத்தை எடுப்பார்கள். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு வயலைத் தரிசா போட்டா, களைதான்டா வளரும்" என்றார். மூன்று மாதம் ஓடாமல் இருந்த என் உடம்பைப் பார்த்தபோது அது எவ்வளவு சரி என்று புரிந்தது. ஜூலையில் தொடங்க எனக்கு ஒரு வாரத் தயக்கம்தான் இருந்தது. தை வரை விட்டிருந்தால் மாடிப்படி ஏறுவதே கஷ்டமாகியிருக்கும்.

ஒரு விதிவிலக்கு. நெருங்கியவரை இழந்தவர்களுக்கும், தானே படுக்கையில் கிடந்தவர்களுக்கும் தள்ளிப்போடுவதுதான் சரியாக இருக்கலாம். அம்மா பிழைத்து நடக்கிறார். அந்தத் துயரத்தின் எடை எனக்குத் தெரியாது. அவர்களுக்கு நான் வழி சொல்லத் துணியமாட்டேன்.

சரி, மூன்றாவது வழி. இதில் எனக்கு முடிவைத் தந்த விஷயம் ஒன்றே ஒன்று: ஒரு நாள் விட்டால், திரும்பி வர எவ்வளவு செலவாகிறது? இலக்கின் அளவை விட இதுதான் முக்கியம் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

இது எனக்குப் புரிந்தது அம்மாவின் தபால் நிலைய ஆர்.டி. மூலமாக. மாதம் 2,000 கட்டிவந்தார். ஆஸ்பத்திரி அலைச்சலில் இரண்டு தவணை விட்டுப்போனது. கணக்கே போய்விட்டது என்று நான் பதறினேன். வீட்டுக்கு வந்து வசூலிக்கும் ஏஜெண்ட் அக்கா, "அதுக்கென்னங்க தம்பி, ரெண்டு மாசந்தானுங்களே. நூத்துக்கு ஒரு ரூவா சேத்திக் கட்டிருங்க. தொடர்ந்து நாலு மாசம் விட்டாத்தானுங்க கணக்கு நிக்கும். அப்பவுங்கூட ரெண்டு மாசத்துக்குள்ள உசுரு குடுத்துக்கலாமுங்க" என்றார்.

அன்று இரவு இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். மக்கள் தவறுவார்கள் என்று எதிர்பார்த்தே அந்தத் திட்டத்தை அமைத்திருக்கிறார்கள். தவறினால் என்ன விலை என்பது முன்கூட்டியே தெரியும், அது சிறியது. எப்போது கணக்கு நிற்கும் என்பதற்கும் தெளிவான எல்லை உண்டு. என் ஜனவரி இலக்குகளில் இது எதுவுமே இல்லை. ஒரு நாள் விட்டால் அது தோல்வி, அவ்வளவுதான். தோற்றபின் மனசு என்ன சொல்லும்? முழுக்க நனைந்த பின் முக்காடு எதற்கு என்றுதான். உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்களிடம் இதையே உளவியலாளர்கள் பார்த்திருக்கிறார்கள். 1975-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முதலில் மில்க்‌ஷேக் குடிக்க வைக்கப்பட்டவர்கள், குடிக்காதவர்களை விட அதிகமாக ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். கட்டு ஒருமுறை உடைந்தது. அப்புறம் காக்க எதுவும் மிஞ்சவில்லை.

இலக்கை வெறுமனே குறைப்பதைவிட, சலுகை நாட்களோடு வைப்பது மேல் என்பதற்கு மரிசா ஷரீஃப், சுசான் ஷூ இருவரின் 2017 ஆய்வு எனக்குத் துணை. வாரம் ஏழு நாள் என்ற கடின இலக்கு ஒரு குழுவுக்கு, ஐந்து நாள் என்ற எளிய இலக்கு இன்னொன்றுக்கு, ஏழு நாள் ஆனால் அவசரத்துக்கு இரண்டு நாள் கையிருப்பு என்பது மூன்றாவதுக்கு. மூன்றாவது குழுதான் அதிகம் தாக்குப்பிடித்தது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி 96 பேரை வைத்துச் செய்த ஆய்வும் ஆறுதல் தருவது: ஒரு பழக்கம் தானாக வர சராசரியாக 66 நாள் ஆனது (18 முதல் 254 வரை), நடுவில் ஒரு நாள் விட்டதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை.

இதையெல்லாம் வைத்து நான் எழுதியது இப்படி. டிசம்பருக்குள் இரண்டு சுற்று, அதாவது ஐந்து கிலோமீட்டர், நிற்காமல். வாரம் ஐந்து காலை, நடையோ ஓட்டமோ. மாதத்துக்கு நான்கு சலுகை நாள். காரணம் சொல்ல வேண்டாம். எடுத்துக்கொண்டால் மறுநாள் பத்து நிமிடம் கூடுதல் நடை, அதோடு கணக்குத் தீர்ந்தது. ஆனால் தொடர்ந்து நான்கு நாள் விடக்கூடாது. சேமிப்பு மாதம் 7,000, டிசம்பரில் மொத்தம் 50,000.

இதில் ஆர்.டி.யிலிருந்து ஓட்டம் பிரியும் இடம் ஒன்று இருக்கிறது. ஆர்.டி.யில் விட்ட தவணையையும் கட்டியாக வேண்டும். பணத்துக்கு அது பொருந்தும். உடம்புக்குப் பாக்கி வசூல் கூடாது. விட்ட ஓட்டத்தை ஞாயிற்றுக்கிழமை சேர்த்து ஓடினால் மறுபடி 2023-தான்.

ஜெர்மனை விட்டுவிட்டேன். குறைக்கவில்லை, முழுதாகவே விட்டேன். அது சுலபமாக இல்லை. மூன்று நாள் உறுத்தியது. அந்த நேரத்தை அம்மாவின் கால் பயிற்சிக்குக் கொடுத்த பிறகுதான் உறுத்தல் அடங்கியது. காலி இடத்தில் வேறொன்றை வைக்காமல் விட்டிருந்தால் இன்னும் குற்ற உணர்வோடுதான் இருந்திருப்பேன்.

இப்போது அக்டோபர் முடிகிறது. செப்டம்பரில் 19-ஆம் தேதிக்குள் நான்கு சலுகை நாளும் தீர்ந்தன; மகனுக்குக் காய்ச்சல். பழைய முறையாக இருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். 20-ஆம் தேதி காலை பத்து நிமிடம் கூடுதலாக நடந்தேன், அவ்வளவே. அந்த மாதம் 3,000தான் சேர்ந்தது, அக்டோபரில் 9,000 போட்டேன். கையில் 34,000, திட்டப்படி 36,000 இருக்க வேண்டும். ஓட்டம் ஒன்றரைச் சுற்றில் நிற்கிறது.

நான்கு மாத அனுபவம்தான் இது, அதற்கு மேல் நீட்டிச் சொல்ல மாட்டேன். தேதி மாறாத இலக்குகளில், டி.என்.பி.எஸ்.சி. தேர்வு மாதிரியானவற்றில், குறைப்பது எவ்வளவு உதவும் என்று எனக்கு நிச்சயமில்லை, பாடத்திட்டம் பாதியாகாது. அங்கேயும் சலுகை நாள் வேலை செய்யும் என்றுதான் தோன்றுகிறது, ஆனால் நான் முயன்று பார்த்ததில்லை. எனக்கு அடுத்த சோதனை நவம்பர் மழை. தொடர்ந்து மூன்று நாள் பெய்தால் நான்காம் நாள் குடையோடு ஒரு சுற்று நடப்பது என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.