லட்சம் படங்களைப் புரட்ட எந்த வியூவர்? எக்ஸ்என்வியூ, ஃபாஸ்ட்ஸ்டோன், டிஜிகேம் ஓர் அலசல்

இமேஜ் வியூவரில் எது நல்லது என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். காரணம் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்: வேகம். ஐம்பது படம் இருக்கும் ஃபோல்டரில் எல்லா வியூவரும் வேகம்தான். மும்பை தாராவியின் 90 அடி சாலையில் தை முதல் நாள் வரிசையாகப் பானை வைத்துப் பொங்கலிடும்போது மூன்று கேமராவில் எடுத்ததை ஒரே ஃபோல்டரில் கொட்டிவிட்டுத் திறந்து பாருங்கள். அல்லது ஒரு கல்யாண ஸ்டூடியோவின் பத்து வருட ஹார்ட் டிஸ்க்கைச் செருகிப் பாருங்கள். படம் வரவேண்டிய இடத்தில் சாம்பல் கட்டங்கள் வரிசை கட்டி நிற்கும். நீங்கள் கீழே உருட்ட உருட்ட, அவையும் கூடவே வரும்.

அந்தக் கட்டம் எவ்வளவு நேரத்தில் படமாகிறது என்பது வியூவரின் பெயரைப் பொறுத்ததல்ல. இரண்டே விஷயங்களைப் பொறுத்தது. தம்ப்நெயிலை, அதாவது ஃபோல்டரில் தெரியும் சிறு உருவை, அது எங்கிருந்து எடுக்கிறது, எடுத்ததை எங்கே வைத்துக்கொள்கிறது. மும்பையில் எங்கள் பக்கத்து ஆட்கள் பலருடைய கம்ப்யூட்டரில் இந்த மென்பொருள்களை மாற்றி மாற்றிப் போட்டுக் கொடுத்ததில் நான் பிடித்துக்கொண்டது இதைத்தான்.

முதல் விஷயத்துக்கு ஒரு சின்னக் கணக்கு. 24 மெகாபிக்சல் ஜேபெக் ஒன்று சுமார் 10 மெகாபைட் என்று வைத்துக்கொள்வோம். 5,000 படத்துக்கு 50 ஜிகாபைட். யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு 100 மெகாபைட் கொடுத்தால், எல்லாவற்றையும் படித்து முடிக்கவே எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். பிராசஸர் எவ்வளவு புதிதாக இருந்தாலும் அங்கே அதற்கு வேலையில்லை, டிஸ்க்குக்காகக் காத்திருக்கும். ஆனால் கேமரா ஒவ்வொரு படத்துக்குள்ளும், எடுத்த தேதி, கேமரா விவரம் அடங்கிய எக்சிஃப் தகவலோடு சேர்த்து, 160க்கு 120 பிக்சலில் ஒரு குட்டிப் படத்தையும் வைத்துவிடுகிறது. அந்தப் பகுதி ஃபைலின் தலைப்பக்கத்திலேயே இருக்கும், 64 கிலோபைட்டைத் தாண்டவும் முடியாது. அதை மட்டும் உருவினால் 5,000 படத்துக்கும் சேர்த்து அதிகபட்சம் 320 மெகாபைட். டிஸ்க் அங்குமிங்கும் தேடி ஓடும் நேரத்தையும் கூட்டினால் ஒரு நிமிட வேலை.

அப்படியானால் எல்லோரும் அதையே எடுக்கலாமே? எடுக்கலாம், ஆனால் பார்க்க நன்றாக இருக்காது. 160 பிக்சல் படத்தை இன்றைய திரையில் 256க்கு இழுத்தால் மங்கும். டிஎஸ்எல்ஆர் படம் 3:2, குட்டிப் படத்தின் சட்டமோ 4:3, அதனால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். இன்னொரு தொல்லையும் உண்டு. சில எடிட்டர்கள் படத்தை வெட்டிய பிறகு உள்ளே இருக்கும் குட்டிப் படத்தை மாற்றாமல் விட்டுவிடும். தம்ப்நெயிலில் ஓரமாக நிற்கும் ஆள், படத்தைத் திறந்தால் இருக்க மாட்டார். யாரையாவது மறைக்கத்தான் வெட்டினீர்கள் என்றால், அந்த ஃபைலை அப்படியே அனுப்புவதற்கு முன் யோசிக்க வேண்டிய விஷயம்.

நடுவழி ஒன்று இருக்கிறது. ஜேபெக் படம் எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகத்தான் சேமிக்கப்படுகிறது. முழுதாக விரிக்காமல் எட்டில் ஒரு பங்கு அளவிலேயே அதை விரித்துக்கொள்ள முடியும். 6000க்கு 4000 படம் 750க்கு 500 ஆக வந்துவிடும். தம்ப்நெயிலுக்கு அதுவே தாராளம். கணக்குப் போடும் நேரம் மிச்சம், ஆனால் ஃபைலை டிஸ்க்கிலிருந்து முழுக்கப் படித்தே ஆக வேண்டும். ஆகவே சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டியில் இது பறக்கும், பழைய ஹார்ட் டிஸ்க்கில் நகரும். வியூவரை மாற்றுவதற்கு முன், இப்போது கையாளும் படங்களை மட்டுமாவது எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த லேமிங்டன் ரோட்டுக்கு ஒரு நடை போய்வரும் செலவுக்கு எந்த மென்பொருளும் இவ்வளவு பலன் தராது.

சரி, இப்போது ஆட்கள்.

விண்டோஸின் சொந்த எக்ஸ்ப்ளோரரே பலருக்குப் போதும். எக்ஸ்பி காலத்தில் ஒவ்வொரு ஃபோல்டரிலும் தம்ப்ஸ்.டிபி என்று ஒரு ஃபைலை ஒளித்துவைக்கும். விஸ்டாவிலிருந்து எல்லாத் தம்ப்நெயிலும் பயனரின் கணக்குக்குள் ஒரே இடத்துக்குப் போய்விட்டன. பிரச்சினை என்னவென்றால் அது நிலைக்காது. டிஸ்க் கிளீனப் ஓட்டும்போது தம்ப்நெயில்கள் என்ற வரியில் டிக் இருந்தால் மொத்தமும் போய்விடும், மறுபடி முதலிலிருந்து சாம்பல் கட்டம். ஐபோனின் ஹெய்க் படங்களுக்கு மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து துணை நிரலும் போட வேண்டியிருக்கும். சில நூறு படம் என்றால் பரவாயில்லை, ஆயிரக்கணக்கில் என்றால் இதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இர்ஃபான்வியூ 1996இலிருந்து இருக்கிறது. ஒரு படத்தைத் திறப்பதற்கு இன்றும் எனக்கு அதுதான். டி (T) எழுத்தைத் தட்டினால் தம்ப்நெயில் ஜன்னல் வரும். ஆனால் அது ஒரு பக்க அறை, வீடு அல்ல. லட்சம் படத்தை அங்கே வைத்துப் புரட்டச் சொன்னால் நான் மாட்டேன்.

உண்மையான போட்டி ஃபாஸ்ட்ஸ்டோன், எக்ஸ்என்வியூ எம்பி, டிஜிகேம் மூன்றுக்கும் இடையில்தான்.

ஃபாஸ்ட்ஸ்டோன் விண்டோஸில் மட்டும் ஓடும். இடப்பக்கம் ஃபோல்டர் மரம், வலப்பக்கம் தம்ப்நெயில், திறந்தவுடன் புரிந்துவிடும். முழுத்திரையில் படம் இருக்கும்போது மவுஸை நான்கு ஓரங்களில் எந்த ஓரத்துக்குக் கொண்டுபோனாலும் ஒரு மெனு எட்டிப் பார்க்கும். ஒருமுறை உருவாக்கிய தம்ப்நெயிலைத் தன் டேட்டாபேஸில் வைத்துக்கொள்ளும், அடுத்த தடவை காத்திருக்க வேண்டாம். இதன் பெரிய பலம் பொறுக்கி எடுக்கும் வேலையில் தெரியும். தாலி கட்டும் அந்த ஒரு நொடியில் கேமரா தொடர்ச்சியாக அடித்த படங்களில் நான்கைத் தேர்ந்தெடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நான்கையும் ஒன்றாகப் பெரிதாக்கி, மாப்பிள்ளை எதில் கண் மூடியிருக்கிறார் என்று பார்த்துவிடலாம். நான்குக்கு மேல் முடியாது. பிடித்ததில் டேக், அதாவது ஓர் அடையாளக் குறி, போட்டுக்கொள்ளலாம். “பெண் வீட்டார்”, “வரவேற்பு” என்று வகை பிரித்துப் பல வருடம் கழித்துத் தேடி எடுப்பது இதன் வேலையல்ல.

எக்ஸ்என்வியூ எம்பி பிரான்சிலிருந்து வருகிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், 500க்கு மேற்பட்ட ஃபைல் வகைகளைத் திறக்கும். பழைய எக்ஸ்என்வியூவுக்கு யூனிகோட் பெயர்களோடு சண்டை இருந்தது. எம்பியில் அது தீர்ந்துவிட்டது, “பொங்கல் 2019” என்று தமிழிலேயே ஃபோல்டர் பெயர் வைக்கலாம். எனக்கு இதில் பிடித்தது அமைப்புகள். உள்ளே இருக்கும் குட்டிப் படத்தை எடுப்பதா, தானே உருவாக்குவதா, என்ன அளவில் என்று எல்லாவற்றையும் நம் கையில் கொடுத்துவிடுகிறது. வேகமாக ஒரு பார்வை பார்க்க முதலாவது, நிதானமாகத் தேர்வு செய்ய இரண்டாவது. நட்சத்திரம், கலர் லேபிள், வகைகள் எல்லாம் உண்டு.

அந்த அமைப்புகள்தான் அதன் குறையும்கூட. 90 அடி சாலைப் பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவருக்கு இதைப் போட்டுக் கொடுத்து, செட்டிங்ஸ் ஜன்னலைத் திறந்து காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “எனக்குப் படம் பாக்கணும்ல, பாடமா படிக்கணும்?” என்றார். அவருக்கு ஃபாஸ்ட்ஸ்டோன்தான் சரி, அதில் தகராறே இல்லை.

எக்ஸ்என்வியூவின் இன்னொரு குறை நமது இரண்டாவது விஷயத்தில் இருக்கிறது. அது தம்ப்நெயில்களை ஒரு டேட்டாபேஸ் ஃபைலிலும், வகைகளையும் நட்சத்திரங்களையும் இன்னொன்றிலும் வைக்கிறது. இரண்டிலும் படத்துக்கு அடையாளம் அது இருக்கும் பாதைதான். வீடு மாறினால் ரேஷன் கார்டில் முகவரியை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அரிசி இல்லை. அதே கதைதான். எக்ஸ்என்வியூவுக்குள் இருந்தபடியே ஃபோல்டரை நகர்த்தினால் அது தானே திருத்திக்கொள்ளும். வெளியே எக்ஸ்ப்ளோரரில் நகர்த்தினால் அதைப் பொறுத்தவரை அவை புதுப் படங்கள். யூஎஸ்பி டிஸ்க் வைத்திருப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். நேற்று ஈ டிரைவாக வந்த டிஸ்க், இன்று பென்டிரைவ் ஒன்று முந்திக்கொண்டதால் எஃப் ஆக வரும். பாதை மாறியாயிற்று. தம்ப்நெயில் எல்லாம் மறுபடி முதலிலிருந்து, போட்டு வைத்த வகைகளும் கண்ணில் படாது. மருந்து எளிது: விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் அந்த டிஸ்க்குக்கு பி அல்லது எக்ஸ் மாதிரி யாரும் தொடாத எழுத்து ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். அதே கம்ப்யூட்டரில் அடுத்த முறையும் அந்த எழுத்திலேயே வரும். அப்புறம், நட்சத்திரங்களைப் படத்துக்குள்ளேயே எழுதும் அமைப்பையும் போட்டுவிடுங்கள்.

லினக்ஸில் ஜிதம்ப் போன்றவை பின்பற்றும் பொது முறையிலும் இதே சிக்கல்தான். ஃபைலின் முழு முகவரியிலிருந்து ஒரு எண்ணைக் கணக்கிட்டு, அதையே தம்ப்நெயிலுக்குப் பெயராக வைக்கிறார்கள். முகவரி மாறினால் பழைய தம்ப்நெயில் அநாதையாக உள்ளே கிடக்கும்.

டிஜிகேம் இந்த இடத்தில்தான் தனித்து நிற்கிறது. 2001இல் தொடங்கிய திறமூலத் திட்டம், கேடிஈ என்ற திறமூல மென்பொருள் குடும்பத்தைச் சேர்ந்தது. அது பாதையை மட்டும் நம்புவதில்லை. ஃபைலின் உள்ளடக்கத்தில் ஒரு பகுதியையும் ஃபைலின் அளவையும் வைத்து ஒவ்வொரு படத்துக்கும் ஒரு அடையாளம் கணக்கிட்டுக்கொள்கிறது. படத்தை வேறு ஃபோல்டருக்கு மாற்றினாலும், பெயரை மாற்றினாலும், அடுத்த ஸ்கேனில் “இது அதுதான்” என்று கண்டுகொண்டு போட்ட டேக்குகளைத் திரும்ப ஒட்டிவிடும். தமிழில் டேக் போடலாம், முகங்களைப் பிரிக்கலாம், ஒரே மாதிரி இருக்கும் படங்களைத் தேடலாம்.

விலை இல்லாத மென்பொருள் என்றாலும் விலை வேறு விதத்தில் கேட்கும். முதல் நாளே மொத்தச் சேமிப்பையும் ஸ்கேன் செய்யும். லட்சம் படமும் யூஎஸ்பி டிஸ்க்கும் என்றால் இரவு முழுக்க ஓடவிட்டுத் தூங்கப் போவதுதான் வழி. சும்மா ஒரு பென்டிரைவில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க இது உதவாது, இது தெரிந்தவர் வீட்டுக்குள்ளேயே சுற்றும் ஆள். டேட்டாபேஸை உள் எஸ்எஸ்டியில் வையுங்கள். வீட்டு நெட்வொர்க் டிஸ்க்கில் அந்த டேட்டாபேஸான எஸ்க்யூலைட் ஃபைலை வைப்பது வம்பை விலைக்கு வாங்குவது, அப்படி வேண்டுமானால் அதற்கென்று மரியாடிபி என்ற டேட்டாபேஸ் சர்வர் இணைப்பு இருக்கிறது. இடம் எவ்வளவு தேவைப்படும் என்றால், எந்த வியூவராக இருந்தாலும் 256 பிக்சல் தம்ப்நெயிலுக்கு 10 முதல் 20 கிலோபைட் என்று வைத்து லட்சத்துக்கு ஒன்று இரண்டு ஜிகாபைட் ஒதுக்கினால் போதும். பெரிய தம்ப்நெயில் கேட்டால் அது மளமளவென்று ஏறும்.

கேமரா பதிந்ததைப் பதப்படுத்தாமல் வைக்கும் ரா (RAW) வகையில் எடுப்பவர்கள் கதை வேறு. ராவை நேராக விரித்துத் தம்ப்நெயில் செய்வது மெதுவான வேலை. ஆனால் கேமரா ஒவ்வொரு ராவுக்குள்ளும் ஒரு ஜேபெக்கை, பெரும்பாலும் தெளிவான அளவில், வைத்துத்தான் கொடுக்கிறது. ஃபோட்டோ மெக்கானிக் என்ற கட்டண மென்பொருள் அந்த ஜேபெக்கை எடுத்துக் காட்டியே பெயர் வாங்கியது. வான்கடேயில் மேட்ச் எடுத்துவிட்டு ஓவர் முடிவதற்குள் படம் அனுப்ப வேண்டிய பத்திரிகைக்காரர்களுக்கான சாமான் அது. காசு கொடுக்கத் தயாரானால், வேகத்தில் மேலே சொன்ன மூன்றையும் அதற்குப் பக்கத்தில் நிறுத்த முடியாது. ஃபாஸ்ட்ராவியூவர் இதற்கு நேர் எதிர். அந்த ஜேபெக் கேமரா பூசிய அலங்காரம் என்பதால், ராவையே விரித்து, ராவின் ஹிஸ்டோகிராமையே, அதாவது வெளிச்ச அளவின் வரைபடத்தையே, காட்டும். மண்டப விளக்கில் பட்டுச்சரிகை வெளுத்துவிட்டதா, மீட்க முடியுமா என்று முடிவு செய்ய வேண்டுமென்றால் இதைத்தான் நம்புவேன்.

வாட்ஸாப் படங்கள் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அவற்றில் எக்சிஃப் உரிக்கப்பட்டுவிடுவதால் உள்ளே குட்டிப் படமும் இல்லை, எடுத்த தேதியும் இல்லை. ஃபைல் சின்னது என்பதால் தம்ப்நெயில் வேகமாகவே வரும். தேதிப்படி அடுக்கினால்தான் குழப்பம். ஆண்ட்ராய்டில் வந்தவற்றுக்கு, பெறப்பட்ட தேதி ஃபைல் பெயரிலேயே இருக்கும், பெயர்ப்படி அடுக்கிவிடுங்கள்.

கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். ஃபாஸ்ட்ஸ்டோனும் எக்ஸ்என்வியூ எம்பியும் வீட்டு உபயோகத்துக்கும் கல்விக்கும்தான் இலவசம், ஸ்டூடியோவில் போட்டால் லைசென்ஸ் வாங்க வேண்டும். டிஜிகேமுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அண்ணாச்சியிடம் இதைச் சொன்னபோது லைசென்ஸ் என்ன விலை என்று கேட்டார், சொன்னேன், ஃபாஸ்ட்ஸ்டோனுக்கே வாங்கிக்கொண்டார்.