மாருதி 800-உம் எர்டிகாவும்: வடசென்னைத் தெருக்களில் ஓர் ஒப்பீடு

பெரிய வண்டி வாங்கியதும் பழைய சிறிய வண்டியைத் தள்ளிவிடலாம் என்று எண்ணுபவர்கள், முதலில் தாங்கள் குடியிருக்கும் தெருவின் அகலத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் 2008-இல் வாங்கிய மாருதி 800-உம் அண்மையில் வாங்கிய, மூன்று வரிசை இருக்கைகள் கொண்ட மாருதி எர்டிகாவும் இருக்கின்றன. பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் இரண்டையும் மாறி மாறி ஓட்டுகிறேன்.

800-இன் அகலம் 1,440 மி.மீ.; எர்டிகாவின் அகலம் 1,735 மி.மீ. வித்தியாசம் ஓர் அடிகூட இல்லை என்றாலும், இருபுறமும் இருசக்கர வாகனங்கள் நிற்க, எதிரே குடிநீர் லாரியும் வந்துவிட்டால், அந்த ஓர் அடிதான் போக்கைத் தீர்மானிக்கிறது. நீளத்திலும் எர்டிகா ஒரு மீட்டருக்கு மேல் கூடுதல். ஞாயிற்றுக்கிழமை காலையில் காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போவதென்றால் நான் 800-இன் சாவியைத்தான் எடுக்கிறேன். கிடைத்த சந்தில் நிறுத்தவும், முட்டுச்சந்தில் சிக்கினால் திருப்பிக்கொண்டு வரவும் அதற்கு நிகரில்லை.

ஆனால் அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் நாளில் கணக்கு அடியோடு மாறிவிடுகிறது. 800-இன் இருக்கை மிகவும் தாழ்வாக இருப்பதால், முழங்கால் வலியுள்ள அவர் ஒரு கையால் கதவின் மேல்விளிம்பையும் மறுகையால் என் தோளையும் பற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி கீழே இறங்கி அமர வேண்டியிருக்கிறது. எர்டிகாவின் இருக்கை ஏறக்குறைய இடுப்பு உயரத்தில் இருப்பதால், பக்கவாட்டில் அமர்ந்து, கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்துக்கொள்கிறார். யாருடைய உதவியும் தேவைப்படுவதில்லை. வயதானவர்கள் உள்ள வீட்டுக்கு இந்த ஒரு காரணமே போதும் என்பது என் உறுதியான கருத்து.

எர்டிகாவில் ஏழு பேர் அமரலாம் என்பதை அப்படியே நம்பிவிட வேண்டாம். கடைசி வரிசை பிள்ளைகளுக்கு ஏற்றது. பெரியவர்கள் அமர்ந்தால் முழங்கால் மேலே எழும்பி நிற்கும். அந்த வரிசையை மடக்காதபோது பின்புறத்தில் 209 லிட்டர் இடமே மிஞ்சுவதால், ஆறேழு பேராகத் திருத்தணிக்குப் புறப்பட்டால் பைகளை மடியில் வைத்துக்கொள்ள நேரிடும். வரிசையை மடக்கினால் 550 லிட்டர் கிடைக்கும்.

துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் டிரெய்லர்கள் நெருங்கி ஓடும் எண்ணூர் விரைவுச் சாலையில், இரவில் 800-ஐ எடுப்பதை நான் அறவே தவிர்க்கிறேன். உயரம் குறைந்த அந்த வண்டி டிரெய்லர் ஓட்டுநரின் கண்ணுக்கு எளிதில் படாது என்பதோடு, அதில் ஏர்பேக்கும் இல்லை, திடீரென பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி வழுக்காமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கும் இல்லை. எர்டிகாவில் இரண்டும் உண்டு. ஆயினும் கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் குளோபல் என்கேப் அமைப்பு 2019-இல் நடத்திய மோதல் சோதனையில் அது ஐந்துக்கு மூன்று நட்சத்திரங்களே பெற்றது என்பதையும் வாங்குபவர்கள் அறிந்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கினால், உயரமான வண்டிதானே என்று எர்டிகாவையும் இறக்கக் கூடாது. எஞ்சினுக்குள் நீர் புகுந்தால் செலவு பெரிதாகிவிடும்.

பராமரிப்பில் 800-க்குச் சாதகம் அதிகம். 796 சி.சி., மூன்று சிலிண்டர் கொண்ட அந்த எஞ்சினைத் தெருமுனை மெக்கானிக்கே பிரித்து மாட்டிவிடுவார். பதினைந்து ஆண்டு கடந்த கார்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்துவிட்டது. பழைய வாகனங்களுக்கான பசுமை வரி தனி. அப்படியும் 2023-இல் புதுப்பித்துவிட்டோம்; 2028 வரை அதை விற்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை.